வீட்டில் செல்லு (கரையான்): அடையாளத்தைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில், ஆசாரத்துச் (கூடத்துச்) சுவரில் விரல் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதெல்லாம் அம்மா அதைத் துடைப்பத்தால் தேய்த்து எடுத்துவிடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை அது அதே இடத்தில் அதே உயரத்துக்கு ஏறியிருக்கும். இப்படி இரண்டு ஆண்டுகள் போன பிறகு, ஒரு நாள் நிலவுக்காலில் (கதவு நிலையின் பக்க மரத்தில்) கையை ஊன்றியபோது என் கட்டைவிரல் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பச்சை பெயிண்ட் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே மரம் இருந்த இடத்தில் ஈரமண்ணும், அதில் பதறி ஓடும் வெள்ளைப் பூச்சிகளுமே இருந்தன.

அன்று முதல் நான் கற்றுக்கொண்டதை அடையாளம் வாரியாக எழுதுகிறேன். கரையான், செல்லு, சிதல் என்று எந்தப் பெயரால் அழைத்தாலும், நம் கண்ணில் படுவது அதன் பயணத்தின் கடைசி முனைதான். அது எறும்பு இனமே அன்று, கரப்பானுக்குத்தான் உறவு. தோல் மெல்லியது என்பதால் காற்றிலும் வெயிலிலும் விரைவில் உலர்ந்து செத்துவிடும். ஆகையால் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கூரையிட்ட வழி அமைத்துக்கொண்டே அது நகர்கிறது. உழைக்கும் கரையான்களுக்குப் பார்வை கிடையாது. நம் பக்கத்தில் வீடுகளைக் கெடுக்கும் இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்கடியில் கூடு வைத்திருப்பவை. மரத்தைத் தின்ன வரும், ஈரத்துக்காக மண்ணுக்குத் திரும்பும். எனவே எந்த அடையாளத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த இடத்துக்கும் மண்ணுக்கும், அல்லது இந்த இடத்துக்கும் ஈரத்துக்கும் இடையே வழி எது? அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் வாங்கும் மருந்து வீண் செலவு.

சுவரில் மண்கோடு ஏறியிருக்கிறது

துடைக்காதீர்கள். அந்தக் கோடுதான் உங்களுக்கு வழிகாட்டி. அதன் நடுவில் இரண்டு அங்குல நீளத்துக்கு மட்டும் கத்தி முனையால் உடைத்து, பக்கத்தில் சாக்பீஸால் தேதியைக் குறித்து வையுங்கள். உடைத்த இடத்தில் வெள்ளைப் பூச்சிகள் ஓடினால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஈரமான புது மண்ணால் உடைப்பு அடைக்கப்பட்டிருந்தால் வழி உயிரோடு இருக்கிறது. உலர்ந்து, தொட்டால் பொடிந்து, அப்படியே கிடந்தால் அந்தக் கோடு கைவிடப்பட்டது; ஆனால் கூட்டமே போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. நான்கடி தள்ளி, அலமாரிக்குப் பின்னால் வேறொரு கோடு ஏறியிருக்கலாம்.

அடுத்து, கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். பெரும்பாலும் அது தரையும் சுவரும் சேரும் இடத்தில் மறையும். சில வீடுகளில் குளியலறைக் குழாய் தரையைத் துளைத்துச் செல்லும் ஓட்டையில் தொடங்கும். சிவப்பு ஆக்சைடு தரையில் விட்டிருக்கும் மயிரிழை விரிசலே அதற்குப் போதுமான வாசல். பழைய வீடுகளில் கடைக்கால் (அஸ்திவாரம்) கருங்கல்லும் செம்மண் சாந்தும் கொண்டு கட்டியது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கை நுழையும் சந்துகூட இருக்கும், அதில் கரையான் ஊர்வலமே போகலாம்.

இதற்கான மருத்துவம் சுவருக்கு மேல் அன்று, தரைக்குக் கீழே. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 6313, கட்டி முடித்த வீடுகளுக்கு ஒரு முறையைச் சொல்கிறது. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் 12 மில்லிமீட்டர் துளைகளை ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம், தரைக் கான்கிரீட்டைத் தாண்டி மண்ணைத் தொடும்வரை போட வேண்டும். ஒவ்வொன்றிலும் மண் வாங்க மறுக்கும்வரை, அதிகபட்சம் 1 லிட்டர் கரையான் மருந்துக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்திவிட்டு அடைத்துவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10க்கு 12 அடி அறையின் சுற்றளவு 44 அடி, அதாவது 13.4 மீட்டர். அதற்கு ஏறத்தாழ 45 துளைகள், 45 லிட்டர் கரைசல். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தானால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி என்ற கணக்கில் 95 மில்லி மருந்து போகும். ஓர் அறைக்கே இவ்வளவு என்றால், முதுகில் 16 லிட்டர் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வந்து, வீடு முழுவதும் ஓரங்களில் அடித்துவிட்டு அரை மணி நேரத்தில் ரசீது எழுதுகிறவர் எதைச் செய்துவிட்டுப் போகிறார் என்பது விளங்கும். எங்கள் வீட்டில் முதல் முறை நடந்தது அதுதான். பத்தாண்டு உத்தரவாதம் என்று தாளும் கொடுத்தார்கள்; பத்து மாதம்கூடத் தாங்கவில்லை.

மருந்தில் இரண்டு குணம் உண்டு. பைஃபென்த்ரின் போன்றவை கரையானை விரட்டுபவை. மருந்து படாத ஒரு கையகல இடம் இருந்தாலும் அது அந்த வழியாக வந்துவிடும். இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் ஆகியவை விரட்டாதவை. கரையானுக்கு மருந்து இருப்பதே தெரியாது, அதில் நடந்து சென்று கூட்டிலுள்ள மற்றவற்றுக்கும் பரப்பும், மெதுவாகச் சாகும். முழுத் தரையையும் எட்ட முடியாத பழைய வீட்டுக்கு இரண்டாம் வகையே பொருத்தம் என்பது என் கருத்து. குளோர்பைரிபாஸ் விலை குறைவு, கடைகளில் முதலில் எடுத்துக் கொடுப்பதும் அதைத்தான். ஆனால் அது நரம்பைத் தாக்கும் விஷம், வாடையும் பல நாள் நிற்கும். குழந்தைகள் தரையில் தவழும் வீட்டுக்குள் நான் அதை விடமாட்டேன். எதை வாங்கினாலும் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அளவுதான் இறுதி.

கிணறு வீட்டை ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்துச் சுவரடியில் கரைசல் செலுத்தவே கூடாது. கருங்கல் கடைக்காலின் சந்து வழியாக அது நேராகக் கிணற்றுக்குள் போய்விடக்கூடும். ஆழ்துளைக் கிணற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மீந்த கரைசலையும் கழுவிய வாளித் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். காலிங்கராயன் வாய்க்காலானாலும் கீழ்பவானி வாய்க்காலானாலும் அதில் மீன் இருக்கிறது, கீழ்மடையில் மாடு தண்ணீர் குடிக்கிறது. தேனீக்கும் இந்த மருந்துகள் ஆகாதவை என்பதால், பூத்திருக்கும் முருங்கைக்கும் துளசிக்கும் பக்கத்தில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலவும் சன்னல் சட்டமும் பொக்கென்று ஒலிக்கின்றன

திருப்புளியின் பிடியால் நிலவுக்காலை அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஒலி அமுங்கிவிடும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்தினால் பெயிண்ட் தோல் மட்டும் கிழியும். பெயிண்டில் கொப்புளம்போல எழும்பிய இடங்களையும் விடாதீர்கள். மழைநீர் இறங்கியதால் வந்தது என்று நினைத்து அதன்மேல் மறுபடி பெயிண்ட் அடிப்பவர்களே அதிகம். உள்ளே மரத்தின் நாரோட்டத்தை ஒட்டி மெல்லிய தகடுகளாக மிச்சம் இருந்து, இடையில் மண் அப்பியிருந்தால் அது மண்ணிலிருந்து வந்த கரையான்தான்.

காரணம் பெரும்பாலும் நிலவுக்காலின் அடியிலேயே இருக்கும். காலைத் தரைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இறக்கி நட்டுச் சுற்றிலும் கலவை போட்டிருப்பார்கள். அந்த நுனி மண்ணை நேரடியாகத் தொடும். தினமும் வாசல் கழுவும் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். மண், ஈரம், மரம் மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேக்கு மரத்தைச் செல்லு தொடாது என்று நம்பிக்கொண்டிருப்போம். தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் முதிர்ந்த கெட்டிப் பகுதியை, அது எளிதில் தொடாது என்பது மெய். ஆனால் வெளியே வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. தேக்கானாலும் அதைத் தின்றுவிடும். முதிராத மரத்திலிருந்து அறுத்த இன்றைய சட்டங்களில் அந்த வெள்ளை அதிகம். பாலிஷும் பெயிண்டும் ஏறிவிட்டால் எது வைரம், எது வெள்ளை என்று தெரியாது என்பதால், அறுவை மில்லிலேயே நின்று பார்த்து, வெள்ளை விழுந்த பலகையைக் கழித்துவிடச் சொல்லுங்கள். வேங்கையும் வைரம் பாய்ந்த பனைங்கையும் (பனைமரச் சட்டமும்) நல்லவையே. வேப்பமரத்தைச் செல்லு அண்டாது என்பது ஊர் வழக்கு. எங்கள் கட்டுத்தறியில் வேப்பங்கால் ஒன்று மண்ணுக்கடியில் முழுதாகக் கரைந்துபோனதைப் பார்த்த பிறகு எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

கால் முழுதும் போய்விட்டதா, அடி மட்டும் போயிருக்கிறதா என்பதைத் தட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அடியில் ஒன்றரை அடி மட்டும் கெட்டிருந்தால், நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் துண்டோ கான்கிரீட் கட்டையோ வைத்து, அதன்மேல் புது மரத்தை ஒட்டுப்போட்டு நிறுத்தச் சொல்லலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். நிலவு வைத்தபோது பூசை செய்து மஞ்சள் துணி கட்டியது, அதை முழுதாக எடுப்பதா என்று அம்மா தயங்கினார். ஆசாரி அவரிடம், "நெலவ எடுக்க வேண்டாங்கம்மா, காலுக்குச் செருப்பு மட்டும் போட்டு உட்டரலாங்க" என்றார். அந்தக் கல் செருப்போடு நிலவு இன்றும் நிற்கிறது. மிச்சமிருக்கும் மரத்தில் ஒரு சாணுக்கு ஒன்றாகச் சிறு துளைகளைச் சாய்வாகக் கீழ்நோக்கிப் போட்டு, மரத்துக்கென்றே விற்கும் எண்ணெய் கலந்த மருந்தை ஊசியால் ஏற்றி மெழுகால் அடைக்க வேண்டும். அந்த மருந்துகளில் பல தீப்பிடிப்பவை. அன்றைக்கு விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அரித்த பள்ளத்தில் பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடிப்பது மட்டும் வேண்டாம்; அது உள்ளே இருப்பதற்குக் கதவடைத்துக் கொடுப்பதாகும்.

மரத்துக்கு அடியில் பொடி கொட்டுகிறது

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள், நானும் இழந்தேன். கூரையைத் தாங்கும் கைமரத்துக்கு நேர்கீழே தினமும் ஒரு சிட்டிகை பொடி விழுந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் சொன்னதும் மருந்தடிக்கும் ஆட்கள் வந்து, பொடி எப்படிப்பட்டது என்று பார்க்காமலே அந்த அறைத் தரையெங்கும் துளை போட்டுவிட்டுப் போனார்கள். பொடி நிற்கவில்லை. பிறகு ஓடு மாற்ற வந்த ஆசாரி ஏணியில் ஏறிக் கைமரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லு இல்லீங்க, உளுங்க. மேல இருக்கறதுக்குக் கீழ மருந்து ஊத்தி என்னங்க ஆகறது?" என்று கேட்டார்.

பொடியைக் கறுப்புத் தாளில் ஏந்தி விரலால் தேயுங்கள். மைதாபோல நைசாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் தெரிந்தால் அது பொடிவண்டு. நாம் உளு என்று சொல்வது. மாவுச்சத்து மிகுந்த வெள்ளைப் பகுதியும் மூங்கிலும் அதற்குப் பிடிக்கும். கசகசாபோலத் தனித்தனி மணிகளாக உருண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆறு பட்டை தெரிந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். இந்த வகைக்கு மண்ணும் வேண்டாம், மண்கோடும் வேண்டாம். ஒரே நாற்காலிக்குள்ளேயே குடும்பம் நடத்தும். மரத்தூளாகவே பெரிது பெரிதாக விழுந்து, விரல் நுழையும் துளையிலிருந்து கருவண்டு ரீங்காரத்தோடு வெளியே வந்தால் அது மரத்தேனீ. துளையை அடைத்தால் போதும், அஞ்ச வேண்டியதில்லை.

முதல் இரண்டுக்கும் தரையில் துளை போடுவதால் பைசா பயன் இல்லை. மருத்துவம் மரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். பெயிண்டைச் சுரண்டிய வெறும் மரத்தில் போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை இரண்டு மூன்று முறை பூசினால் ஊறி நிற்கும்; மழை படும் இடத்தில் அது கரைந்து போய்விடும் என்பதால் உள்வீட்டு மரத்துக்கு மட்டும் சரி. சிறிய நாற்காலி, முக்காலி, முறம் போன்றவற்றைத் தனியே பிரித்து வைத்துவிடுங்கள். பொருள் விலைமதிப்பில்லாததாக இருந்தால், அடுப்புக்குப் போவதே மற்ற மரச்சாமான்களுக்குச் செய்யும் உதவி. மூங்கிலை வெட்டிச் சில வாரம் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த பழைய வழக்கத்துக்குக் காரணம் உண்டு; மாவுச்சத்து கரைந்துபோன மூங்கிலில் வண்டுக்குச் சாப்பாடு குறைவு.

மழை பெய்த மாலையில் வீட்டுக்குள் ஈசல்

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும், சிறகு முளைத்த கரையானான ஈசல் புறப்படுவது இயல்பு. விளக்கைத் தேடி வெளியிலிருந்து வந்தவையா, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியவையா என்பது ஒன்றுதான் கேள்வி. சன்னலோரம் மட்டும் சிறகு குவிந்திருந்தால் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, காலையில் பெருக்கிவிடுங்கள். தரை விரிசலிலிருந்தோ நிலவின் மூட்டிலிருந்தோ சுவர் ஓட்டையிலிருந்தோ வரிசையாக வெளியேறுவதைக் கண்ணால் பார்த்தால், முதிர்ந்த கூட்டம் ஒன்று வீட்டுக்கடியிலேயே இருக்கிறது. ஈசலின் மேல் மருந்தடித்து ஒரு பயனும் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை எப்படியும் சாகப் போகிறவை. வெளியேறிய துளையைச் சாக்பீஸால் வட்டமிட்டு, படமெடுத்து வைத்து, அந்த இடத்தை மையமாகக் கொண்டு மேலே சொன்ன தரைத்துளை வேலையைச் செய்யுங்கள்.

சிறகு முளைத்த எறும்பும் இதேபோல வரும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கைபோல மடங்கியிருக்கும், முன் சிறகு பின் சிறகைவிட நீளம். ஈசலுக்கு உடம்பு ஒரே தடிமன், மீசை மணி கோத்ததுபோல நேராக இருக்கும், நான்கு சிறகும் ஒரே அளவு.

ஈசலை வறுத்து அரிசிப் பொரியோடு கலந்து தின்னும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் உண்டு. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் மருந்து செலுத்திய வீட்டின் தரையிலிருந்து கிளம்பியதை மட்டும் பிடித்து வறுத்துவிடாதீர்கள்.

மாடியிலோ சுவிட்சுப் பெட்டியிலோ மண் தெரிகிறது

சுவிட்சுப் பெட்டி ஓரத்தில் மண் கசிந்தால், தரைக்கடியில் தொடங்கும் மின்குழாய் வழியாக ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். மெயினை அணைத்து, மின் வேலை தெரிந்தவரை வைத்துப் பெட்டியைத் திறந்து, மண்ணை உலர்ந்த பிரஷ்ஷால் எடுக்கச் செய்யுங்கள். நீர் மருந்தைப் பெட்டிக்குள் பீச்சுவது உயிருக்கே ஆபத்து. மருத்துவம் அந்தக் குழாய் தரையில் நுழையும் இடத்தைச் சுற்றித்தான்.

மாடியில் மட்டும் மண்கோடு இருந்து, கீழ்த்தளத்தில் எவ்வளவு தேடியும் தொடர்ச்சி கிடைக்காவிட்டால், ஈரத்தைத் தேடுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கும் மூலை, கசியும் தொட்டி, சன்ஷேடின் மேல் மண் சேர்ந்து செடி முளைத்த இடம், சுவருக்குள் ஒழுகும் குழாய் ஆகியவை கரையானுக்கு மண்ணின் வேலையைச் செய்துவிடும். கசிவை நிறுத்தாமல் மருந்தடித்தால் மீண்டும் வரும்; கசிவை நிறுத்திய பிறகு, வெறும் உலர்ச்சியாலேயே சில இடங்களில் அது போய்விடும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சரளை நிலத்தில் கோடையில் சுற்றுவட்டாரத்தில் ஈரமென்று இருப்பது நம் குளியலறைக்குக் கீழேதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அட்டைப்பெட்டி, பத்திரம், துணி

தரையில் வைத்து, சுவரோடு ஒட்டி, மாதக்கணக்கில் நகர்த்தாத எதுவும் அதற்கு உணவு. திருப்பூரில் பனியன் அட்டைப்பெட்டிகளை அடுக்கும் கிடங்கானாலும் ஈரோட்டில் சாக்கு மூட்டை அடுக்கும் கிடங்கானாலும், சுவரிலிருந்து ஓரடி விட்டு, தரையிலிருந்து தூக்கி அடுக்குவதே முதல் காப்பு. பின்பக்கத்தைப் பார்க்க ஆள் நுழைய வேண்டும் என்பதற்காகவே அந்த ஓரடி. வீட்டில், குளியலறைச் சுவருக்கு முதுகு கொடுத்து நிற்கும் பிளைவுட் அலமாரியை ஒரு விரற்கடையாவது தள்ளி நிறுத்துங்கள். நிலப் பத்திரங்களை அட்டாலியில் (பரணில்) மரப்பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் இரும்புப் பெட்டிக்கு மாற்றிவிடலாம்.

மருந்து செலுத்தியும் திரும்ப வந்துவிட்டது

நான் பார்த்த வீடுகளில், மருந்து கெட்டுப்போனதைவிட நாம் அதை உடைத்ததே அதிகம். மருந்து ஊறிய மண், வீட்டைச் சுற்றி ஒரு வேலிபோல. புதிதாகக் குழாய் பதிக்கத் தோண்டினால் வேலி அங்கே அறுந்தது. அழகுக்காகச் சுவரை ஒட்டி மண் நிரப்பிச் செடி வைத்தால், கரையான் வேலியின் மேலேயே ஏறி நடந்து வந்துவிடும். பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) சுவரோடு சாய்த்து அடுக்கிய விறகு, தென்னை மட்டை, சோளத்தட்டு ஆகியவை நாமே கட்டிக்கொடுத்த பாலங்கள். இவற்றை நகர்த்திய பிறகே மறுபடி மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

புதிதாகக் கட்டிய வீட்டில் இரண்டாம் ஆண்டே வந்தால் கடைக்கால் வேலையில் பிழை. அடித்தளத்துக்குள் மண் நிரப்பிக் கெட்டித்த பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன், அந்த மண்பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் ஊற்ற வேண்டும் என்பது தர நிர்ணயம். ஆயிரம் சதுர அடிக்கு 93 சதுர மீட்டர், 465 லிட்டர். இமிடாகுளோபிரிட் என்றால் மருந்து 1 லிட்டர்தான் செலவாகும், ஆகவே கொத்தனார் ஒரு லிட்டர் புட்டியோடு வந்தால் சந்தேகப்படாதீர்கள். அதை எத்தனை குடம் தண்ணீரில் கரைத்து எவ்வளவு இடத்துக்கு ஊற்றுகிறார் என்று நின்று எண்ணுங்கள். இது மேல்பரப்புக்கு மட்டுமான கணக்கு. கடைக்கால் குழியின் அடிக்கும் பக்கங்களுக்கும் தனி அளவு உண்டு. மழை வரும் நாளில் செய்யக்கூடாது. நிரப்பும் மண்ணில் கிடக்கும் வேர், சென்ட்ரிங் பலகைத் துண்டு, முளைக்குச்சி, சிமெண்ட் மூட்டைத் தாள் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பல வீடுகளில் முதல் விருந்து அங்கேதான் வைக்கப்படுகிறது.

மண்ணெண்ணெய், உப்பு, பெருங்காயத் தண்ணீர், வேப்பெண்ணெய் இவற்றைப் பற்றிக் கேட்பார்கள். மண்ணெண்ணெய் பட்ட பூச்சி சாகும்; கூட்டுக்கு ஒன்றும் ஆகாது. வேப்பெண்ணெய் சில வாரம் விலக்கி வைக்கும். வேலிக் கம்பத்தின் அடியில் பழைய எஞ்சின் ஆயில் பூசுவது தோட்டத்துக்குச் சரி. வீட்டுக்குள் அந்த வாடையோடு குடியிருக்க முடியாது, மண்ணுக்கும் கேடு. ஆல்ட்ரின் போட்டால் தலைமுறைக்கும் வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள்; அது மண்ணில் பல்லாண்டு கிடக்கும் நஞ்சு என்பதால் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்கேனும் பழைய டப்பா மிச்சம் இருந்தால் திறக்காதீர்கள்.

வீட்டை ஒட்டிப் புற்று வளர்ந்திருக்கிறது

பொடக்காலியில் புற்று இருப்பதாலேயே வீட்டில் செல்லு வந்துவிட்டது என்று கூற முடியாது. இரண்டும் வேறு வேறு கூட்டமாக இருக்கலாம். புற்றுக் கரையான் உள்ளே பூஞ்சைத் தோட்டம் வளர்த்து அதைத் தின்று வாழ்வது. மழைக்குப் பின் புற்றில் பூக்கும் காளான் அந்தத் தோட்டத்தின் தலைதான். சருகும் பட்டையும் கிடைக்கும்வரை அது உங்கள் நிலவை நாடாமலும் இருக்கலாம். கடப்பாரையோடு போகும் முன் இரண்டு விஷயங்களை எண்ணுங்கள். கைவிடப்பட்ட புற்றில் நாகம் குடியிருக்கலாம். புற்றை மாரியம்மனாக வணங்கும் வீடும் நம் பக்கத்தில் ஏராளம். உடைத்த பிறகு வரும் சண்டைக்கு எந்த மருந்தும் இல்லை. மேலும், மேட்டை மட்டும் உடைத்தால் ஆழத்தில் இருக்கும் ராணிக்கு ஒன்றும் ஆகாது, சில மாதத்தில் மேடு மறுபடி எழும்.

எனவே புற்றை விட்டுவிட்டு வீட்டைக் காப்பதே சரி. புற்றுக்கு எதிர்ப்பட்ட சுவரின் வெளிப்பக்கத்தில், சுவரை ஒட்டி அரையடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை அடுக்கடுக்காகத் திரும்பப் போடும்போது ஒவ்வோர் அடுக்கிலும் கரைசலை ஊற்றி நனைத்து மூடுங்கள். மாட்டையும் கோழியையும் அது உலரும்வரை அந்தப் பக்கம் விடாதீர்கள். சுவரின் அடிப்பகுதி ஒன்றரை அடி உயரத்துக்கு எப்போதும் வெறுமையாகக் கண்ணில் தெரியும்படி இருக்கட்டும். சாமானோ செடியோ மறைக்கக்கூடாது.

எங்கள் பொடக்காலிப் புற்று இன்றும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மா அதற்கு மஞ்சள் வைக்கப் போகும்போது நானும் கூடப் போய், டார்ச்சை அடித்துச் சுவரடியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன். துடைப்பம் மட்டும் இப்போது சாக்பீஸ் கோடுகளைத் தொடுவதில்லை.